மக்கீன் சேர் பாஸ் பண்ணாத போர்ட்

உடம்பில் உயிர் இருக்கும்வரை மேல்மாடி அறையை எந்த வெள்ளைக்காரனுக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று மக்கீன் சேர் உறுதி பூண்டார். விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்து, சீனியில்லாத தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தபோது பூண்ட உறுதி அது. இரண்டு மிடறுக்கு நடுவில் பூண்டதால் வெளியே சத்தம் வரவில்லை. வந்திருந்தால் நூருன்னிஸாவுக்குக் கேட்டிருக்கும். கேட்டிருந்தால் உறுதி அந்த இடத்திலேயே கரைந்துபோயிருக்கும்.

அலுவிகாரையில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் அவர்கள் வீடு. கீழே நாலு அறை, மேலே ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுதான் மக்கீன் சேரின் ராச்சியம். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். கூப்பிடாமலே காற்று வரும். ஆங்கில ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அங்கே உட்கார்ந்து அவர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஆங்கில இலக்கணம் முழுவதற்கும் புத்தகம் எழுதுவார்கள். மக்கீன் சேர் ஒரு கோட்டுக்கு மட்டும் எழுதினார். இரண்டு சொற்கள் கைகோத்துக்கொண்டு பின்னால் வரும் சொல்லை வர்ணிக்கும்போது அவற்றின் நடுவில் போடுகிற சிறுகோடு இருக்கிறதே, ஹைபன், அதற்கு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கோட்டைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு சிந்திப்பார். சிந்தனை பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை குறட்டையுடன் நடக்கும்.

நூருன்னிஸாவுக்கு வேறு கவலை. சமைத்துப் போட ஆளில்லை. ஒரே மகள் ஸில்மியாவைக் கலேவெலவில் கட்டிக்கொடுத்தாயிற்று. மிச்சமிருக்கும் மனிதருக்குச் சீனி வருத்தம். பெருநாளைக்குத் தெரு முழுவதற்கும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பம் அவித்து அனுப்பிய கை, இப்போது ஒரு ஆளுக்குக் குரக்கன் பிட்டு அவித்து, அவர் அதையும் மிச்சம் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆக்க ஒன்றுமில்லாத சட்டி பானைகளை அவள் துடைத்துத் துடைத்து அடுக்குவாள். மற்ற விஷயங்களில் நாம் இந்தக் குடும்பத்தைக் கிண்டல் செய்யலாம், இதில் மனசு வரவில்லை.

பன்சலையை, அந்தப் பழைய பௌத்த விகாரையைப் பார்க்கவும் வாசனைத் தோட்டங்களைப் பார்க்கவும் வருகிற வெளிநாட்டுக்காரர்கள் ஒழுங்கை வாசலில் நின்று படம் எடுப்பதை அவள் அடிக்கடி கண்டிருந்தாள். அவர்கள் எல்லோரும் அவள் கண்ணுக்கு மெலிந்துபோய்த் தெரிந்தார்கள். அந்தத் தேத்தண்ணி நேரத்தில்தான் அவள் பேச்சை எடுத்தாள்.

“ஸில்மியாட வாப்பா, அந்த மேல் ரூம் சும்மாதானே கிடக்குது.”

“சும்மாவா? நான் இருக்கேனே அதுல.”

“அதத்தான் சொல்றேன்.”

மக்கீன் சேர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“வெளிநாட்டு ஆக்கள் வந்து தங்குவாங்க. நான் ஆக்கிக் கொடுப்பேன். பேச்சுத் துணையும் ஆச்சு.”

“பேச்சுத் துணைக்கு நான் இல்லியா?”

“நீங்க எங்க பேசுறீங்க? திருத்துறீங்க.”

முடியாது என்று சொல்லலாம். ஆனால் நூருன்னிஸாவிடம் முடியாது என்று சொன்ன அனுபவம் அவருக்கு அதிகமில்லை. சொன்ன ஓரிரு தடவையும் அது முடிந்துதான் இருக்கிறது. ஆகவே வேறு வழியை யோசித்தார். முன்னொரு காலத்தில் கொஞ்ச நாள் அவர் ஒரு அரசாங்கக் கந்தோரில் ஆங்கில ஆலோசகராக இருந்தார். எந்தக் கந்தோர் என்று நாம் சொல்லப்போவதில்லை. அங்கே ஒரு வித்தை கற்றுக்கொண்டார். வந்த விண்ணப்பத்தை மறுக்கக்கூடாது. மறுத்தால் ஆள் சண்டைக்கு வருவான். ‘திருத்தி மீளச் சமர்ப்பிக்கவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அவன் திருத்திக் கொண்டுவருவான். அதில் இன்னொன்றைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆள் ஓய்வு பெறுவான், அல்லது மௌத்தாகிவிடுவான். விண்ணப்பம் மட்டும் உயிரோடு இருக்கும்.

“சரி,” என்றார். “ஆனா ஒரு கண்டிஷன். ரோட்டுல போர்ட் போடணும்தானே? இங்கிலீஷ் சேருட வீட்டு வாசல்ல பிழை இங்கிலீஷ் தொங்கினா நான் தெருவில நடக்க ஏலாது. எழுதினத நான் பார்த்து பாஸ் பண்ணணும். நான் பாஸ் பண்ணாம போர்ட் போடக்கூடாது.”

“நீங்க பாஸ் பண்ணாம போட மாட்டேன்,” என்றாள் நூருன்னிஸா.

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டது அவருக்கு ஒரு சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். கிளப்பவில்லை. வெற்றி பெற்றவர்கள் சந்தேகப்படுவதில்லை.

அடுத்த நாளே பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் முதல் பிரதி வந்தது. நூருன்னிஸா பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் அவ்வளவு மோசமில்லை. ஃபேமிலி ரன் கெஸ்ட் ஹவுஸ், ஹோம் குக்ட் ஃபூட், வெல் லிட் ரூம், பன்சலைக்கு ஃபைவ் மினிட்ஸ் வோக் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. குடும்பமே நடத்துகிற விடுதி, வீட்டில் ஆக்கிய சாப்பாடு, நல்ல வெளிச்சமான அறை, ஐந்து நிமிட நடை. ஒரு வரியில்கூட ஹைபன் இல்லை. மக்கீன் சேருக்கு வாயில் எச்சில் ஊறியது. சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினார்.

“கோடு எங்க?”

“என்ன கோடு?”

“ஹோமுக்கும் குக்டுக்கும் நடுவில. ரெண்டு சொல்லும் சேர்ந்துதானே பின்னால வாற சாப்பாட்டப் பத்திச் சொல்லுது? அப்ப ஒரு கோடு போட்டு ரெண்டையும் சேர்த்து வைக்கணும்.”

“சேர்க்காட்டி சாப்பாடு பழுதாகிடுமா?”

“நிக்காஹ் முடிக்காம ரெண்டு பேர் ஒரே வீட்டில இருக்கிற மாதிரி.”

நூருன்னிஸா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். “அஸ்தஃபிருல்லாஹ். போடுங்க, போடுங்க.”

“ஆனா எல்லா இடத்திலயும் போட ஏலாது. வெல்-லிட் ரூம்னு ரூமுக்கு முன்னால வந்தா கோடு உண்டு. ரூம் இஸ் வெல் லிட்னு பின்னால வந்தா கோடு இல்ல. தனித்தனி.”

“நம்மளப் போலதான். கலியாண வீட்டுக்குப் போற நேரம் சோடியாப் போறோம். வாற நேரம் நீங்க முன்னால, நான் ஒரு மைல் பின்னால.”

இந்த உதாரணத்தைப் புத்தகத்தில் சேர்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, மக்கீன் சேர் தாளின் அடியில் ‘திருத்திக் கொண்டுவரவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“ஒண்ணு சொல்றேன்,” என்றாள் நூருன்னிஸா. “இனி இத மேல வெச்சுப் பார்க்காதீங்க. கீழ ஹோல் மேசையில வெச்சுப் பாருங்க. மேல வெளிச்சம் காணாது.”

“வெல் லிட்னு நீதானே எழுதியிருக்கே?”

“அது வெளிநாட்டுக் கண்ணுக்கு. உங்கட கண்ணுக்குக் காணாது.”

கணவனின் கண் மேல் இவ்வளவு அக்கறையா என்று அவருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. ஹோல் மேசைக்கு வந்தார். வந்ததும் அகராதி தேவைப்பட்டது. “நூரு, அந்தப் பெரிய டிக்ஷனரி” என்றார். மேலேயிருந்து அகராதி வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மக்கீன் சேர் தன் வாழ்நாளில் ஒரு புத்தகத்தையும் தானே சுமந்ததில்லை. மாத்தளைப் பக்கத்தில் அவர் படிப்பித்த எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் வகுப்பு முடிந்தால் அவர் கையை வீசிக்கொண்டு முன்னால் போவார், கொப்பிக்கட்டும் சோக்குப் பெட்டியும் யாராவது ஒரு மாணவன் கையில் பின்னால் வரும். கேட்டால் சாமான் வரும் என்பது அவர் அறிந்த உலக நியதி. வந்த சாமான் திரும்பி எப்படிப் போகும் என்பது அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை.

இரண்டாவது பிரதியில் நூருன்னிஸா கண்ட கண்ட இடமெல்லாம் கோடு போட்டிருந்தாள். வெரி-குட்-ஃபூட் என்று ஒரு சங்கிலி. புதிதாகக் கட்டிய குளியலறைக்கு நியூலி-பில்ட்.

“இந்த நியூலிக்குக் கோடு வேணாம்.”

“நேத்து இல்லேன்னு ஏசினீங்க. இண்டைக்கு இருக்குன்னு ஏசுறீங்க.”

“லி-ன்னு முடிஞ்சு அடுத்த சொல்லுக்கு ஒத்தாசையா வாற சொல்லுக்குக் கோடு போடுறதில்ல. அது எதுக்கு ஒத்தாசை செய்யுதுன்னு பார்த்த உடனே விளங்கிடும்.”

“ஒத்தாசை செய்யிற ஆளுக்கு ஒண்ணும் கிடைக்காது. அது சரிதான்,” என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குப் போனாள்.

பின்னேரங்களில் பக்கத்து வீட்டுச் சிவசுப்பிரமணியம் வருவார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மாத்தளைக்கு வேலை மாற்றம் பெற்று வந்து, தலைமை லிகிதராக ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டவர். பத்திரிகை வாங்கத்தான் வருவார். அன்று வந்தவர் மேசையில் கிடந்த தாளைப் பார்த்துவிட்டார்.

“மாஸ்டர், உதென்ன, ஃபைவ்-மினிட் வோக்? மினிட்ஸ் எண்டு எழுதி, பிறகு மேல ஒரு அப்போஸ்ட்ரஃபி போடோணும். நான் எத்தினை டிராஃப்ட் எழுதினனான்.”

“அப்பிடியும் எழுதலாம். ஆனா கோடு போட்டா மினிட்டுக்கு எஸ் வராது. அதுதான் அழகு.”

“அஞ்சு நிமிசம். பன்மையல்லோ? பன்மைக்கு எஸ் இல்லாட்டில் ஆர் நம்புவினம்?”

“உங்கட கந்தோர்ல அஞ்சு நிமிஷத்தில ஒரு வேலையும் நடந்ததில்ல, ஐயா. அதனால உங்களுக்கு அந்தச் சொல்லே பழக்கமில்ல.”

“உங்கட பள்ளிக்கூடத்தில நடந்ததோ?”

“பேசுங்க அண்ணே, நல்லாப் பேசுங்க,” என்று நூருன்னிஸா சிவசுப்பிரமணியத்தின் முன்னால் ஒரு தட்டு வட்டிலப்பத்தை வைத்தாள். மக்கீன் சேர் முன்னால் வெள்ளரிக்காய். “நல்ல விஷயம்தானே. புத்தகத்தப் பார்த்துப் பேசினா இன்னும் நல்லம். கொண்டு வரட்டா?”

“பச்சை மட்டை,” என்றார் மக்கீன் சேர். பச்சை மட்டை வந்தது. அதில் சிவசுப்பிரமணியத்தின் கட்சிக்கு ஆதாரம் இருந்ததால் சிவப்பு மட்டையைக் கேட்டார். சிவப்பு மட்டை வந்தது. அந்தியில் மஃரிப் பாங்கு சொன்னபோது மேலறை அலுமாரியில் பல்லிகள் மட்டும்தான் மிச்சம்.

அதன் பிறகு காரியங்கள் வழுக்கிக்கொண்டு போயின. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஹோல் மேசையில் தலை தொங்கியது. சாய்மனைக் கதிரை இருந்தால் நன்றாக இருக்கும் என்று மக்கீன் சேர் வாயால் சொன்னார். நூருன்னிஸாவும் சிவசுப்பிரமணியமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கிக் கொடுத்தார்கள். கதிரைக்குத் தலையணை வேண்டும். தலையணைக்கு மின்விசிறி வேண்டும். பிறகு முழங்கால் நோவு வந்தது. “துவாய்க்கும் சாரத்துக்கும் எதுக்கு ஏறி இறங்குறீங்க, நான் கொண்டு வாறேன்,” என்று நூருன்னிஸா சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உண்மையிலேயே கலங்கியது. இந்த அப்பாவி மனுஷியை இப்படி ஏமாற்றுகிறோமே என்று அவர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு நாள் அவள் யாருக்கும் தெரியாமல் ஒரே ஒரு சமோசாவைப் பொரித்துக்கொண்டுவந்து, “வைத்தியருக்குச் சொல்லாதீங்க” என்று கையில் வைத்தாள். அதைத் தின்று முடிக்கிற வரைக்கும் போர்டை பாஸ் பண்ணிவிடுவதென்றே அவர் நினைத்திருந்தார். தின்று முடித்ததும் மலைக்காற்றும் ஜன்னலும் ஞாபகம் வந்தன. பேனையை எடுத்தார்.

அந்தப் பிரதியில்தான் அவர் தன் முழுத் திறமையையும் காட்டினார். இரண்டு நாள், மூன்று நாள் தங்கலாம் என்று நூருன்னிஸா எழுதியிருந்ததை டூ- அண்ட் த்ரீ-டே ஸ்டேஸ் என்று மாற்றினார்.

“இந்த முதல் கோடு ஒரு பக்கம் ஆளில்லாம தொங்குதே.”

“அவன் டே வாற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கிறான். டே பின்னால வருது. ரெண்டு பேருக்கும் பொதுவான டே.”

“பாவம்,” என்றாள் நூருன்னிஸா. “அவனுக்கும் இருக்க இடமில்ல.”

அந்தச் சனிக்கிழமை ஸில்மியா கலேவெலவிலிருந்து வந்திருந்தாள். உம்மாவும் மகளும் மேலே போனார்கள். கட்டில் இழுபடுகிற சத்தம் கேட்டது. சிரிப்பு கேட்டது.

“என்ன நடக்குது அங்க?”

“தூசு தட்டுறோம், வாப்பா. நீங்க உங்கட வேலையப் பாருங்க.”

புத்தகத்தின் தூசு தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று மகள் கூட நினைத்து வைத்திருக்கிறாளே என்று மக்கீன் சேர் பூரித்துப்போனார். புத்தகம் எதுவும் மேலே இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

இப்படியே கொஞ்ச நாள் போனது. ஒரு நாள் காலை, பிரதி எத்தனையாவது என்று அவருக்கே மறந்துபோன கட்டத்தில், ஒரு முச்சக்கர வண்டி வாசலில் நின்றது. முதுகில் பெரிய பெரிய பைகளுடன் ஒரு வெள்ளைக்கார அம்மாவும் அவர் கணவரும் இறங்கினார்கள். வழி தவறி வந்தவர்கள் என்று மக்கீன் சேர் எழுந்து போய், பன்சலை இந்தப் பக்கமில்லை, பெரிய ரோட்டில் ஐந்து நிமிட நடை என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார். மினிட்டுக்கு எஸ் சேர்க்காமல்தான் சொன்னார்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே தன் கைபேசியைக் காட்டினார்.

கைபேசியில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு மலை. மக்கீன் சேருக்கு அந்த மலையைத் தெரியும். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலை மட்டும் அடையாளம் தெரியவில்லை. தன் கட்டில் இவ்வளவு அழகானது என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். அடுத்த படத்தில் வட்டிலப்பம். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் விவரம். அந்த இடியிலும் அவர் கண் கோட்டைத்தான் தேடியது. ஹோம் குக்ட், கோடில்லை. ஃபேமிலி ரன், கோடில்லை. வெல் லிட், கோடில்லை. நூருன்னிஸா எழுதிய முதல் பிரதி, சிவப்பு மை படாமல், அப்படியே உலகமெல்லாம் போயிருந்தது.

“நீங்கள் எந்த நாடு?” என்று கேட்டார்.

“இங்கிலாந்து.”

“இங்கிலாந்து,” என்றார் மக்கீன் சேர். “இதில் உங்களுக்கு ஏதாவது குறை தெரியவில்லையா?”

வெள்ளைக்காரர் எட்டிப் பார்த்தார். “தெரியவில்லையே,” என்றார். “அந்தப் புடிங்கைப் பார்த்தோம். உடனே புக் பண்ணிவிட்டோம்.”

மக்கீன் சேர் குசினிக்குள் பாய்ந்தார். அடுப்பில் மூன்று சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. நூருன்னிஸா நாலாவதைக் கிளறிக்கொண்டிருந்தாள். பல வருடங்களாக அவள் முகத்தை அவ்வளவு வெளிச்சமாக அவர் கண்டதில்லை.

“நான் இன்னும் போர்ட் பாஸ் பண்ணலியே.”

“போர்ட் போடலியே. நீங்க பாஸ் பண்ணினாத்தான் போடுவேன். வாக்கு வாக்குத்தான்.”

“அப்ப இவங்க எப்பிடி வந்தாங்க?”

“போன்ல. ஸில்மியா போட்டா. இந்தக் காலத்தில யாரு போர்டப் பார்த்து வாறாங்க?”

“பின்ன எதுக்கு என்னைய இத்தன நாளா உட்கார வெச்சுத் திருத்த வெச்சே?”

“நீங்கதானே கேட்டீங்க. ஆசப்பட்டுக் கேட்டத இல்லேன்னு சொல்லலாமா?”

“என்ட ரூம்?”

“உங்கட சாமான் ஒண்ணாவது மேல இருக்குதா? டிக்ஷனரியக் கேட்டது யாரு?”

“நான்.”

“கதிரைய?”

“நான்தான்.”

“தலையணைய?”

தலையணையைக் கேட்டபோது தான் நன்றி வேறு சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது.

“நானா ஒரு சாமான இறக்கியிருந்தா கேளுங்க,” என்றாள் நூருன்னிஸா. “எல்லாம் நீங்க சொல்லித்தான் வந்தது. கொஞ்சம் தள்ளுங்க, சோறு வடிக்கணும்.”

பகல் சாப்பாட்டை அந்த இருவரும் சாப்பிட்ட விதத்தை எழுத்தில் சொல்ல முடியாது. கறிக்கு மேல் கறி கேட்டார்கள். சம்பல் உறைத்துக் கண்ணீர் வழிய வழியப் போடச் சொன்னார்கள். வட்டிலப்பத்தை ஒரு தரம் முடித்து, வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொரு தரம் கேட்டார்கள். நூருன்னிஸா மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பார்த்துக்கொண்டிருந்த மக்கீன் சேருக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அது அவருக்கே எரிச்சலாக இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் கால் பழக்கதோஷத்தில் மாடிப்படிப் பக்கம் போனது. முதல் படியில் இரண்டு சோடி சப்பாத்து கழற்றி வைக்கப்பட்டிருந்தது. திரும்பி வந்து, ஹோல் மூலையில், புத்தகக் குவியலுக்கும் துவாய்க் கொடிக்கும் நடுவில், சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார்.

சாப்பாட்டுக்கு நன்றி சொல்ல மறுபடி கீழே இறங்கி வந்த வெள்ளைக்கார அம்மா, மூலையில் தலையணையோடு கிடக்கும் மனிதரைப் பார்த்து நின்றார். மிகவும் மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டார்.

“நீங்களும் இங்கே தங்க வந்தவரா?”

மக்கீன் சேர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்காரன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் சொல்லில் பிழை வரக்கூடாது என்று வாழ்ந்த மனிதர் அல்லவா. வீடு நூருன்னிஸாவின் வாப்பா மகளுக்குக் கட்டிக் கொடுத்தது. கலியாணத்தன்று கையில் ஒரு சூட்கேஸோடு வந்து ஏறியவர் இவர்தான். பொருத்தமான சொல்லைத் தேடிக்கொண்டு அவர் தடுமாறியபோது, காலியான சோற்றுச் சட்டியைக் கையில் ஏந்தியபடி குசினி வாசலில் நின்ற நூருன்னிஸா ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள்.

“லோங்-டேர்ம் கெஸ்ட்.”

இரண்டு சொல்லும் சோடியாக, கெஸ்டுக்கு முன்னால், நடுவில் மூச்சுவிடாமல். மக்கீன் சேர் அந்த வாக்கியத்தை மேலும் கீழும் பார்த்தார். திருத்த ஒன்றுமே இருக்கவில்லை.